அடங்கிய பால்

குழந்தையை அழவைக்க வேண்டும். துப்பறியும் சண்முகராஜாவுக்கு அன்று காலை இருந்த வேலை அது ஒன்றுதான். பதினோரு வருட அனுபவத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்ட கிளாக்கரை அழவைத்திருக்கிறார், கோயில் நகையை உருக்கிய பத்தரை அழவைத்திருக்கிறார். நாற்பது நாள் குழந்தையை அழவைக்கத் திட்டம் போடுவது இதுதான் முதல் தடவை.

"அதுக்கு எதுக்கு சார் திட்டம்? என் மூஞ்சியைக் காட்டினாப் போதுமே" என்றான் வீரபத்திரன்.

வீரபத்திரன் அவருடைய உதவியாளன். முன்பு நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். பிரயாணிகளிடம் அடித்த வாய் அந்த வேலையைத் தின்றுவிட்டது. அதே வாய்க்காகத்தான் சண்முகராஜா அவனைச் சேர்த்துக்கொண்டார், அப்படிச் செய்ததற்காக வாரம் ஒரு முறையாவது வருத்தப்பட்டும் இருக்கிறார்.

அவர்கள் நின்றிருந்தது தேயிலை மலைகளுக்கு நடுவே அட்டன் கடைவீதியில், நாகரத்தினம் முதலாளியின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கூடத்தில். கூடத்தின் குறுக்கே கடையிலிருந்து எடுத்த புதுச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள். ஒருத்தி முதலாளியின் மனைவி சிவகாமசுந்தரி. இன்னொருத்தி ஊசிமலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பூரணி. மூன்றாவது, சாட்சிக்காக அழைத்து வந்திருந்த டாக்டரம்மா. கடைவீதி முனையில் டிஸ்பென்சரி வைத்திருப்பவர்.

விவகாரம் இதுதான். பூரணி இரண்டு வாரமாகக் கடைவாசலில் வந்து நின்று, "உள்ள இருக்கது எம் பிள்ளை" என்கிறாள். நாற்பது நாளைக்கு முன்னால், ஆனி மாதத்து மழையில் கண்டி ரோட்டில் மண் சரிந்து வழி அடைபட்ட அன்று, பிரசவ வலியோடு காரில் போய்க்கொண்டிருந்த சிவகாமசுந்தரியை ஊசிமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பூரணி. இரண்டு பேருக்கும் பெண் குழந்தை. விடிந்தபோது ஒன்றுதான் உயிரோடு இருந்தது, அது முதலாளி வீட்டுடையது என்றாள் மருத்துவச்சி வேலாயி. செத்ததைப் பூரணியின் புருஷன் கொண்டுபோய்ப் புதைத்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி பூப்போட்ட சீத்தைத் துணி எடுக்க இந்தக் கடைக்கு வந்தாள். உள்ளே குழந்தை அழுதது. அவள் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்துபோனது. அதுதான் அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி. வேறு எதுவும் கிடையாது.

"இந்தப் பைத்தியத்துக்கு ஒரு முடிவு கட்டுங்க தம்பி" என்று முதலாளி சண்முகராஜாவிடம் வந்தார். அழுகை கேட்டால் பால் வருகிறது என்கிறாளா, சரி, எல்லோர் முன்னாலும் அழுகையைக் கேட்கவைத்துப் பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் சண்முகராஜா. தம்முடைய புத்திசாலித்தனத்தில் அவருக்கு ஏகப் பெருமை. முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் ஒரு கான்ஸ்டபிளும் திரைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. நியாயமாகத்தான் பட்டது.

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "பூரணி, கேக்குதா? இது பொய்யின்னு ஆச்சுன்னா நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரும் இருக்காது, ஒம் புருசன் பேரும் இருக்காது. ரெண்டு பேரு பேரையும் வெட்டிருவேன். காம்பராவக் காலி பண்ணிட்டுப் போயிறணும்."

விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடாவிட்டால் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்து வரிசை வீட்டில் அந்த ஒற்றை அறையும் இல்லை. கான்ஸ்டபிள் தன் பங்குக்கு பூட்ஸைத் தரையில் தேய்த்தார்.

வீரபத்திரன் பக்கத்து அறைக்குப் போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்தான். குழந்தை ஒரு விநாடி அவனைப் பார்த்தது. பிறகு வீடே அதிரும்படி வீறிட்டது.

"சொன்னேன்ல சார்" என்றான்.

சிறிது நேரத்தில் டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "சிவகாமசுந்தரிக்கு ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சிருக்கு. பூரணிக்கு ஒரு சொட்டு இல்ல. ஆனா இதுல ஒண்ணு சொல்லணும்."

"டாக்டரம்மா, கார் வாசல்ல நிக்குது. உங்களுக்காக நோயாளிங்க காத்துக் கெடப்பாங்க" என்று முதலாளி குடையை விரித்து அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பூரணி வெளியே வந்தாள். இருபது வயது இருக்கும். ரவிக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வரலீங்க ஐயா. இத்தனை நாளும் வந்துச்சு. இன்னைக்கு வரல." அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "அப்ப நான்தான் பொய் சொல்லிப்புட்டேனா?"

கணக்கப்பிள்ளை அவளை முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

*

ஜெயித்த மனிதர் உபசாரம் செய்யாமல் விடுவாரா? கறந்த பாலில் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி இருவரையும் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனார். இந்தக் கலாட்டாவில் காலைக் கறவை தள்ளிப்போயிருந்தது. கொட்டகையில் ஒரு செவலைப் பசு மடி கனத்து நின்றது.

"வேற யாரு தொட்டாலும் நிக்காது தம்பி, நானேதான் கறக்கணும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் நாயைக் கொண்டுபோய்க் கடைப்பக்கம் கட்டிவிட்டு வந்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளைச் சத்தம் போடாமல் உள்ளே போகச் சொன்னார். பின்தொடர்ந்து வந்த இருவரையும் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அங்கேயே நின்னுக்குங்க. புது ஆளைக் கண்டா மெரண்டுரும். மெரண்டுச்சுன்னா மடியில எம்புட்டு இருந்தாலும் பாலை அடக்கிரும்."

பிறகு பரண் மேலிருந்து ஒரு கன்றுக்குட்டியை இறக்கினார். உயிருள்ள கன்று இல்லை. போன மாதம் செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்தது. பசுவின் முன்னால் நிறுத்தியதும் அது தலையைத் தாழ்த்தி அந்தத் தோலை நக்கிக் கொடுக்கத் தொடங்கியது. செம்பில் பால் சத்தம் கேட்டது.

"சார், அந்தக் கன்னுக்குட்டிய கவனிச்சீங்களா? நம்ம கான்ஸ்டபிளை விட நல்லா வேலை பாக்குது" என்று காதோரம் கிசுகிசுத்தான் வீரபத்திரன்.

காப்பி நன்றாகத்தான் இருந்தது. சண்முகராஜா பாதியிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

*

ஸ்டேஷன் ரோட்டில் இறங்கும்போது நடுவழியில் நின்றார். பின்னால் வந்த கறிகாய் வண்டிக்காரன் சிங்களத்தில் ஏதோ மரியாதையில்லாமல் சொல்லிவிட்டு விலகிப் போனான்.

"வீரா, மாடு ஏன் பாலை அடக்குது?"

"பயந்தா அடக்கும் சார். எங்கப்பா லயத்துல மாடு வச்சிருந்தாரு. மாட்டு டாக்டர் வந்தா அன்னைக்கு முழுக்க அடக்கும். என் மாமியா வந்தா ஒரு வாரம்."

"நாகரத்தினம் முதலாளிக்கு அது தெரியும். இல்லையா?"

"தெரியாமலா நாயைக் கட்டுறாரு."

"மாடு மிரளக் கூடாதுன்னு நாயைக் கட்டுற மனுசன், ஒரு பச்சை உடம்புக்காரிக்குப் பக்கத்துல கணக்கப்பிள்ளையையும் கான்ஸ்டபிளையும் ஏன்யா கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாரு?"

சண்முகராஜா பதிலுக்குக் காத்திராமல் கடைவீதி முனைக்குத் திரும்பி நடந்தார்.

டிஸ்பென்சரியில் டாக்டரம்மா ஒரு பையனின் தொண்டையில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நீங்க பாக்கச் சொன்னீங்க, பாத்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க கேக்கவே இல்லையே. சொல்ல வந்தவளைக் கார்ல ஏத்தி அனுப்பியாச்சு."

"இப்பக் கேக்குறேம்மா."

மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு இழுத்தார். "பால் ஊறுறது ஒரு வேலை. ஊறின பால் வெளிய வர்றது வேற வேலை. குழந்தை அழுறது காதுல விழுதா? அது நரம்பு வழியா மூளைக்குப் போகுது. மூளைக்கு அடியில கொண்டைக்கடலை அளவுல ஒரு சுரப்பி தொங்குது. அதுக்குள்ள சின்னச் சின்னப் பையில சரக்கு ஏற்கெனவே கட்டித் தயாரா இருக்கும். மூளை விடுன்னு சொன்னாத்தான் பை ஒடையும், சரக்கு ரத்தத்துல கலக்கும். அது மாருக்குப் போய்ச் சேரணும். அந்தச் சரக்குக்குன்னே அங்க ஒரு பூட்டு இருக்கு. அதைத் திறந்தா, பால் நிக்குற எடத்தைச் சுத்தியிருக்குற தசை இறுகும். பால் பீச்சிக்கிட்டு வரும்."

"பயந்தா?"

"பயந்தா மூளை விடுன்னு சொல்லாது. அது ஒண்ணு. சிறுநீரகத்துக்கு மேல இன்னொரு சுரப்பி இருக்கு. பயத்துல அது வேற ஒரு சரக்கைக் கொட்டும். அது ரத்தக் குழாயைச் சுருக்கிரும். மூளையில இருந்து கொஞ்சம் வந்தாலும் மார் வரைக்கும் போய்ச் சேராது. வெளிநாட்டுல ஒரு தாயை இப்படித் தொந்தரவு பண்ணி அளந்தே பாத்திருக்காங்க. பால் நின்னு போச்சு. அப்புறம் அந்த மூளைச் சுரப்பிச் சரக்கை ஊசியில போட்டதும் வந்துருச்சு. திரைக்குப் பின்னால அந்தப் பொண்ணை நான் தொட்டுப் பாத்தேன். பால் கட்டி மாரு கல்லு மாதிரி இருந்துச்சு. பால் இல்லாம இல்ல. வீட்டை விட்டு வெரட்டுவேன்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டு நிக்கிறப்ப எப்படிங்க வரும்?"

சண்முகராஜா தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அது பூரணியோட குழந்தைதானா?"

"அதையும் இதை வச்சுச் சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்தப் பிள்ளை அழுதாலும் வரலாம். சிவகாமசுந்தரி நாப்பது நாளா பால் குடுக்குறவ, அவளுக்கு வராம இருக்குமா? இது என் பிள்ளைன்னு ஒடம்பு நம்பினாப் போதும். பெத்தது யாருன்னு அது விசாரிக்காது."

வெளியே வந்ததும் வீரபத்திரன் மெதுவாகச் சொன்னான். "வைக்கோல் கன்னுக்குட்டி மாதிரிதான் சார்."

இந்தத் தடவை அவன் வேடிக்கை பண்ணவில்லை.

*

நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் இருவரும் ஊசிமலைக்குப் புறப்பட்டார்கள். பால் இனி சாட்சி சொல்லாது. சோதனையை முதலாளி கெடுத்தார் என்பது சண்முகராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் கெடுத்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அதுவும் விடிவதற்குள் வேண்டும். இல்லாவிட்டால் தம்முடைய புத்திசாலித்தனத்தால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறது.

ஊசிமலை லயத்தில் மூன்று மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது காம்பராவின் வாசலில் பூரணியின் புருஷன் அழகுமுத்து, கொழுந்துக் கூடைக்குள் சட்டி பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே பூரணி கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போயிருவோங்க. எந்தத் தோட்டத்துல சேத்துக்குவாங்கன்னு தெரியல" என்றான் அழகுமுத்து. அவன் பேச்சில் கோபம் இல்லாதது சண்முகராஜாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என்னுது தம்பி" என்றார். "அந்தச் சோதனையே தப்பு. பயத்துல பால் அடங்கிருச்சு, அவ்வளவுதான். பூரணி பொய் சொல்லலை."

அந்த நேரத்தில் இரண்டு காம்பரா தள்ளி ஒரு குழந்தை சிணுங்கி அழுதது. பூரணி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, மடித்த கம்பளியை மார்போடு அழுத்திக்கொண்டாள். சண்முகராஜா வாசலுக்கு வெளியே பார்த்தார்.

"வந்துருச்சுங்க" என்றாள் பூரணி, திரும்பாமலே. "எந்தப் பிள்ளை அழுதாலும் வருது. இன்னைக்குத்தான் அது எனக்கு வெளங்குச்சு. அந்தக் கடையில அழுததும் எம் பிள்ளையா இருக்காது. நான்தான் ஆசையில பேசிப்புட்டேன். தெனமும் ரெண்டு வேளை குழி மேலதான் பீச்சி ஊத்திட்டு வாறேன். அங்க இருக்கதுதான் எம் பிள்ளை, வேறென்ன?"

தம் சோதனை அவளுடைய நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு வருஷத்தில் இப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதில்லை.

"பாவம், நாகரத்தினம் முதலாளியத்தான் வீணா சந்திக்கு இழுத்துப்புட்டா" என்றான் அழகுமுத்து. "நல்ல மனுசருங்க அவரு. பிள்ளைய எடுத்துக்கிட்டு நான் போறப்ப, அந்த மழையில கூடவே வந்தாரு. குழி வரைக்கும் வந்தாருங்க."

சண்முகராஜா திரும்பினார். "அவர் எதுக்கு வந்தார்? அவர் சம்சாரம் அப்பத்தானே பெத்துக் கெடந்தாங்க?"

"அதான் நானும் நெனச்சேன். செருப்பக் கழட்டிட்டு சேத்துல நடந்தாரு. தோள்ல கெடந்த புது வேட்டியக் குடுத்து பிள்ளைய அதுல சுத்தச் சொன்னாரு. மொதப் பிடி மண்ணையும் அவருதான் போட்டாரு."

"முதல் பிடியை?"

"நான் குனிஞ்சேங்க. அதுக்குள்ள அவரு அள்ளிப் போட்டுட்டாரு. பெத்தவன் போடவேண்டியதாச்சேன்னு மனசுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. பெரிய மனுசரு, என்னத்தச் சொல்றது? அப்பிடி அழுதாரு. என்னைய விட அவருதான் அதிகமா அழுதாரு."

வீரபத்திரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பூரணி மெல்லத் திரும்பினாள். சண்முகராஜாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். கம்பளி கையிலிருந்து நழுவியது.

"கூடையைப் பிரிச்சு வைங்க" என்றார் சண்முகராஜா. "பெரட்டுக்கு முன்னால வந்துடுறேன்."

*

அட்டனுக்குத் திரும்பியபோது கடைகளில் விளக்கு ஏற்றும் நேரம். நாகரத்தினம் முதலாளி விரித்துப்போட்ட துணிகளைத் தானே மடித்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாங்க தம்பி. மறுபடியும் காப்பியா?"

"ஒரு கேள்விதான் முதலாளி. அழகுமுத்து பிள்ளைக்கு நீங்க ஏன் முதல் பிடி மண் போட்டீங்க?"

முதலாளியின் கையில் துணி அப்படியே நின்றது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று சண்முகராஜா எதிர்பார்த்தார், அதற்கு மடக்குக் கேள்விகளும் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் துணிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாரு தம்பி போடுறது? பெத்த அப்பன் பக்கத்துல நிக்கிறப்ப அடுத்தவன் போடலாமா?"

பிறகு தானாகவே சொன்னார். இரண்டு குழந்தைகள் முன்பே தவறிப்போனவை. மூன்றாவது வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. சிவகாமசுந்தரி மயக்கத்தில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் பூரணி அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"கண்ணைத் திறந்ததும் இவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. வேலாயி கால்ல விழுந்துட்டேன். ரெண்டு பிள்ளையையும் மாத்தி வச்சா. அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு, இன்னொண்ணு பொறக்கும்னு நெனச்சேன்."

"நீங்க நெனச்சீங்க" என்றார் சண்முகராஜா. "கறக்குற மாடு மிரளக் கூடாதுன்னு நாயைக் கட்டுறீங்க. அந்தப் பொண்ணு மிரளணும்னு ஆள் கூட்டி வந்தீங்க."

"சிவகாமிக்கு மட்டும் எதுவும் தெரியாது தம்பி. அவகிட்டச் சொல்லிறாதீங்க. நான் ஸ்டேசனுக்கு வர்றேன், எங்க வேணும்னாலும் வர்றேன். அவகிட்ட மட்டும்."

உள்கதவு திறந்துதான் இருந்தது. சிவகாமசுந்தரி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் புருஷனைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போனது யாரு சாடை?"

முதலாளி அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "உன் சாடைதான்."

அவள் தலையை ஆட்டினாள். "இதுக்குப் பசிக்கிற நேரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

*

மறுநாள் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிப்பதற்கு முன்பே சண்முகராஜாவும் வீரபத்திரனும் ஊசிமலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் முதலாளியின் மொரிஸ் கார் வந்து அடிவாரத்தில் நின்றிருந்தது. முதலாளி காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார்.

சிவகாமசுந்தரி ஒற்றை ஆளாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். பனியில் படி வழுக்கியது. வீரபத்திரன் உதவிக்கு ஓடினான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

பூரணி வாசலில் நின்றாள். குழந்தையை நீட்டியபோது அவள் உடனே வாங்கவில்லை. கைகளைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் வாங்கினாள். கை மாறிய குழந்தை சிணுங்கி அழுதது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மார்பை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். சண்முகராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விக்கல் வந்தா நூலை நனைச்சு நெத்தியில ஒட்டுங்க" என்றாள் சிவகாமசுந்தரி. "வலப்பக்கம் போட்டாத்தான் தூங்கும். குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போனா ரொம்ப அழும்."

கணக்கப்பிள்ளை பெரட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் சிவகாமசுந்தரியே அவர் பக்கம் திரும்பினாள். "பூரணி சொன்னது உண்மை. பொய் எங்க வீட்டுலதான் இருந்துச்சு." கணக்கப்பிள்ளை அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேர் பேரும் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

சிவகாமசுந்தரி இரண்டு படி இறங்கினாள். நின்றாள்.

"பூரணி, எம் பிள்ளைய எங்க வச்சிருக்கீங்க?"

பூரணி குழந்தையை யாரிடமும் கொடுக்காமல், தேயிலைக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தாள். சிவகாமசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள். மலை ஓரத்தில், ஒரு முள்முருங்கை மரத்தின் அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மண் மேடு. சுற்றிலும் கூழாங்கல் பதித்திருந்தது. ஒரு புல் கூட முளைக்க விட்டிருக்கவில்லை.

சிவகாமசுந்தரி ஈர மண்ணில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வரவில்லை.

"எனக்கு அழக்கூட வரலையே பூரணி. அது மொகத்தைக்கூட நான் பாக்கல. இதுக்குப் பாலைக் குடுத்துக்கிட்டு, தாலாட்டுப் பாடிக்கிட்டு சந்தோசமா இருந்திருக்கேன். நாப்பது நாளா, பெத்தவ அழாம ஒத்தையில கெடந்திருக்கு."

பூரணி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"இல்லக்கா" என்றாள். "நான் அழுதேன். எம் பிள்ளைன்னு நெனச்சுத்தான் நாப்பது நாளும் அழுதேன். ஒரு கொறையும் வைக்கல."